தணிந்த சிவப்பு

சமீபத்தில் கைக்கு வந்த மூன்று கவிதைத் தொகுதிகளின் அட்டையிலும் சிவப்பு. ஒன்றில் சொட்டும் ரத்தம், ஒன்றில் உயர்த்திய முஷ்டி, மற்றதில் பாதி முழுகிய சூரியன். உள்ளே போனாலும் இதே கதைதான். சிவப்பு என்ற சொல் வந்தால் கோபம் என்றோ புரட்சி என்றோ வாசகன் எடுத்துக்கொள்ள வேண்டும். இதைக் குறியீடு என்கிறோம். ரயில்வே சிக்னலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரியவில்லை. சிக்னலில் சிவப்புக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் விபத்து. கவிதையில் ஒரே அர்த்தம் இருப்பதுதான் விபத்து.

நானும் நிரபராதி இல்லை. 'சிவந்த' என்று ஒரு சொல்லை வரியில் வைத்துவிட்டு, மிச்சத்தை நிறமே பார்த்துக்கொள்ளும் என்று இருந்திருக்கிறேன். திருத்தணி மலையில், வருஷத்தின் நாட்களுக்குக் கணக்காக வைத்திருக்கும் அந்த 365 படிகளில் ஏறியபோதுதான் இந்த நிம்மதி கலைந்தது.

முருகனுக்குச் சேயோன் என்று பெயர், சிவந்தவன். அந்தச் சிவந்தவனின் சினம் தணிந்த இடம், அதனால் தணிகை என்கிறது தலக்கதை. கந்த சஷ்டியில் திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரம் நடக்கிறது. திருத்தணியில் அது கிடையாது, மலர்களால் அர்ச்சனை. போர் முடிந்துவிட்டது, சிவந்தவன் சிவந்தவனாகவே இருக்கிறான். அப்படியானால் இங்கே சிவப்பு எதைக் குறிக்கிறது? கோபத்தை என்று சொல்ல முடியாது. கோபத்துக்குச் சம்பந்தமில்லை என்றும் சொல்ல முடியாது. கோபத்தை அறிந்து, அதைக் கடந்து வந்த ஒரு நிலை. நம் அட்டைகளில் இந்தச் சிவப்புக்கு இடமில்லை.

இது புதிதும் இல்லை. குறுந்தொகையின் முதல் பாட்டில் திப்புத்தோளார் இதைச் செய்திருக்கிறார். சிவந்த போர்க்களம், சிவந்த அம்பு, யானையின் சிவந்த தந்தம் என்று போய்க் கடைசியில் நிறம் காந்தள் பூவில் வந்து நிற்கிறது. சந்தர்ப்பமோ காதல். தலைவன் கொண்டுவந்த பூவைத் தோழி மறுக்கிறாள்: இது எங்கள் மலையிலேயே நிறைய உண்டு என்று. நிறம் பூவுக்கு வந்துசேர்ந்தபோது ரத்தம் மறைந்துபோகவில்லை. அந்த மறுப்பின் பின்னால் அது நின்றுகொண்டிருக்கிறது. ஒரே நிறம், இடத்துக்கு இடம் வேறு அண்டை. அதனால் வேறு அர்த்தம்.

வடிவமைப்புக்கும் இதுவே விதி. கோயில் மதிலில் காவிப் பட்டைக்குப் பக்கத்தில் சுண்ணாம்புப் பட்டை: சிவப்பும் வெள்ளையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. 1919இல், ருஷ்ய உள்நாட்டுப் போரின் நடுவே, எல் லிஸிட்ஸ்கி செய்த சுவரொட்டியிலும் இந்த இரண்டு நிறங்களுக்கிடையில்தான் விவகாரம். ஆனால் அங்கே சிவப்பு முக்கோணம் வெள்ளை வட்டத்துக்குள் குத்தி இறங்குகிறது. அது பிரசாரம்தான், பிரசாரத்தைச் செய்வது அந்தக் கூர்முனை. லிஸிட்ஸ்கி சிவப்பை நம்பிச் சும்மா இருந்துவிடவில்லை. நம்மவர்கள் அவரிடமிருந்து சிவப்பை எடுத்துக்கொண்டு முனையை விட்டுவிட்டார்கள்.

ஆரத்தித் தட்டை நினைத்துப் பார்க்கலாம். மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவப்பு. மஞ்சளிலும் சிவப்பு இல்லை, சுண்ணாம்பிலும் இல்லை. இரண்டும் கூடும்போது கண்ணெதிரே உண்டாகிறது. கவிதைக்குள் நிறம் வரவேண்டிய வழி இதுதான் என்று நினைக்கிறேன். டப்பாவில் வாங்கிய சிவப்பை எடுத்துப் பூசுகிறவனுக்குக் கோபம் இருக்கலாம், நியாயமும் இருக்கலாம். கவிதை இருக்காது.