செதுக்கப்பட்ட சட்டகம்: தொலைக்காட்சியில் திரைப்படத்தின் மூல வடிவம்

திறவுச்சொற்கள்: சட்டக விகிதம், சினிமாஸ்கோப், தொலைக்காட்சி ஒளிபரப்பு, மூலபாடம்

முன்னுரை

சுவடியில் ஏடு சிதைந்திருப்பின் பதிப்பாசிரியர் அவ்விடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவார். தொலைக்காட்சியில் திரைப்படத்தின் ஒரு பகுதி வெட்டப்படும்போது அத்தகைய குறிப்பு இடம்பெறுவதில்லை. திரை நிறைந்திருப்பதால் படமும் முழுமையானது எனக் கொள்ளப்படுகிறது. இம்மயக்கம் திரைப்பட ஆய்வைப் பாதிக்கும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

இருவகை இழப்பு

ஏ.பி. நாகராஜன் இயக்கிய ‘ராஜராஜ சோழன்’ (1973) தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாகும். சினிமாஸ்கோப்பின் விகிதம் ஏறத்தாழ 2.35:1; பழைய தொலைக்காட்சியின் விகிதம் 4:3. அத்திரையை நிரப்பச் செதுக்கினால் பிம்பத்தின் அகலத்தில் ஏறத்தாழ 43 விழுக்காடு மறையும். அரசவையின் இரு முனைகளில் நிற்போர் உரையாடும் காட்சியில் ஒருவரே எஞ்சுவார். அன்றேல் இருவருக்குமிடையே இயக்குநர் வைக்காத வெட்டு புகுத்தப்படும். முன்னது விடுபாடு, பின்னது இடைச்செருகல்.

இன்றைய 16:9 திரையில் இழப்பு திசைமாறுகிறது. 1.37:1 விகிதத்தில் அமைந்த கறுப்பு வெள்ளைப் படம் அதனை நிரப்புமாறு செதுக்கப்பட்டால் உயரத்தில் ஏறத்தாழ 23 விழுக்காடு நீங்கும். ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958) படத்தின் போட்டி நடனம் போன்றவற்றில் முழுவுருவக் காட்சிகள் பாதங்களை இழக்க நேரிடும். செதுக்காமல் இழுத்து நிரப்பினாலோ ஆடுவோர் பருத்துத் தோன்றுவர்.

மறுப்பும் விடையும்

கரும்பட்டைகள் சிறிய திரையை மேலும் சிறிதாக்கும் என்பது பழைய மறுப்பு. 4:3 திரையில் சினிமாஸ்கோப் பிம்பம் உயரத்தில் 57 விழுக்காட்டையே நிரப்பியதால் அதில் நியாயமிருந்தது. 16:9 திரையில் அது 76 விழுக்காட்டை நிரப்புவதால் அம்மறுப்பு வலுவிழக்கிறது. அதேவேளை, கூடுதல் பிம்பம் தெரிவதே மூலவடிவம் என்பதும் பிழை. திரையரங்கில் மறைக்கும் நோக்குடன் எடுக்கப்பட்ட மேல், கீழ்ப் பகுதிகளைத் தொலைக்காட்சியில் திறந்து காட்டுவதும் திரிபே.

சட்டப் பாதுகாப்பும் இங்கு மெலிவானது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பைச் சிதைப்பதற்கு எதிரான சிறப்புரிமையை ஆசிரியருக்கு வழங்குகிறது. ஆயின் திரைப்படத்தின் ஆசிரியராக அச்சட்டம் தயாரிப்பாளரையே வரையறுக்கிறது. சட்டகத்தை அமைத்த இயக்குநரையோ ஒளிப்பதிவாளரையோ அன்று.

முடிவுரை

ஒளிபரப்புப் படியை மட்டும் கொண்டு காட்சியமைப்பை மதிப்பிடும் ஆய்வு, வெட்டியவரின் தெரிவை இயக்குநரின் பாணியாகக் கொள்ளும் இடருக்கு உள்ளாகிறது. எனவே, பாடபேதம் குறிக்கும் பதிப்புநெறியைப் பின்பற்றித் தாம் பயன்படுத்திய படி எது, அதன் விகிதம் யாது என்பதைத் திரைப்பட ஆய்வாளர் பதிவுசெய்தல் இன்றியமையாதது.