அங்கவடி இல்லாத குதிரை

சென்னைத் தீவுத்திடலை அடுத்து நிற்கும் சர் தாமஸ் மன்றோவின் வெண்கலக் குதிரைச் சிலையைப் பற்றிக் கதையொன்று வழங்குகிறது. சிற்பி அங்கவடியை வார்க்க மறந்துவிட்டார் என்பதே அது. இக்கதை ஏற்கத்தக்கதன்று. 1839இல் நிறுவப்பட்ட இச்சிலையை வடித்த பிரான்சிஸ் சாண்ட்ரி, நான்காம் ஜார்ஜ் மன்னரையும் வெலிங்டனையும் அங்கவடியின்றியே குதிரைமேல் அமர்த்தியுள்ளார். அவ்விரு சிலைகளும் இலண்டனில் உள்ளன. ஒரே மறதி மும்முறை நேராது.

ரோமில் மார்க்கஸ் அரேலியஸ் பேரரசரின் வெண்கலக் குதிரைக்கும் அங்கவடி கிடையாது. அக்கால ரோமர் அதனை அறியார். அத்தொன்மைக் கோலத்தைச் சாண்ட்ரி கம்பெனி ஆளுநர் ஒருவருக்கு அணிவித்தார் எனக் கொள்வதே பொருந்தும். பாயாது அமைதியாக நிற்கும் அக்குதிரை, அயலாட்சியை இயல்பானதெனக் காட்டுகிறது. கலையின் ஆற்றல் அதுவே. அதன் அரசியலும் அதுவே. மறதிக் கதையோ இரண்டையும் மறைத்துவிடுகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இக்குறை உண்டு. 2006இல் திறக்கப்பட்ட பத்துமலை முருகன் சிலையின் 42.7 மீட்டர் உயரத்தைப் போற்றும் நாம், அதன் நிலையையும் முகபாவத்தையும் ஆராய்வது அரிது. கதைக்கும் அளவுக்கும் முன்னர் உருவத்தைக் காண மாணவரைப் பழக்குதல் ஆசிரியர் கடமையாகும்.