துறைமுகமும் திரையும்

எலியா கஸான் இயக்கிய 'ஒன் த வோட்டர்புரொன்ட்' (1954) எட்டு ஒஸ்கார் விருதுகளைப் பெற்ற திரைப்படம். நியூ யோர்க் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தைப் பாதாள உலகக் கும்பல் ஆட்கொண்டிருந்த நிலையை அது சித்திரிக்கின்றது. இதனைக் காட்டிக்கொடுத்தோரின் தன்னிலை விளக்கம் என ஒதுக்கிவிடுவோர் உளர். கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணைக் குழுவின் முன் 1952 இல் கஸான் தம் பழைய தோழர்களின் பெயர்களை வெளியிட்டார். திரைக்கதை ஆசிரியர் பட் ஷுல்பேர்க் அதற்கு முந்திய ஆண்டே அவ்வாறு செய்திருந்தார். எனினும் படைப்பாளியின் நடத்தை கொண்டு மாத்திரம் படைப்பை அளவிடுதல் விமர்சனமாகாது. சங்கம் குற்றக் கும்பலின் கைப்பட்டமைக்குப் படம் காட்டும் காரணம் யாது என்பதே நாம் எழுப்பும் வினா.

படம் காட்டும் சீர்கேடு கற்பனையன்று. 1948 இல் மல்கம் ஜோன்சன் என்னும் பத்திரிகையாளர் எழுதிய கட்டுரைத் தொடர் அதனை அம்பலப்படுத்தியது. 1927 முதல் சங்கத் தலைவராயிருந்த ஜோசப் றயன் 1943 இல் ஆயுட்காலத் தலைவரானார். புரூக்ளினில் தொழிலாளரைத் திரட்டிய பீற்றர் பான்டோ 1939 இல் கொலையுண்டார். அவரது உடல் 1941 இலேயே கண்டெடுக்கப்பட்டது. தொழிற்சங்கம் என்னும் பெயருக்காக இவற்றை மூடிமறைத்தல் தொழிலாளர் பக்கம் நிற்பதாகாது.

ஆனால் இக்கொடுமையின் வேர் ஆள்சேர்ப்பு முறையிலே இருந்தது. நாளுக்கு இருமுறை துறைமுக வாயிலில் தொழிலாளர் அரைவட்டமாக நிற்பர். கங்காணி தான் விரும்பியோரைத் தெரிவான். வேலையினும் ஆட்கள் மிகுந்திருந்தமையால் கூலியில் ஒரு பங்கு கங்காணிக்குப் போயிற்று. வட்டிக்காரனும் சூதாட்டக்காரனும் அந்த வாயிலிலேயே காத்திருந்தனர். எந்நேரமும் மலிவாக ஆள் கிடைத்ததால் கப்பற் கம்பனிகளும் இம்முறையை விரும்பின.

வியப்பு யாதெனில், படமே இதனை ஒரு காட்சியில் உணர்த்திவிடுகின்றது. வேலை வில்லைகளைக் கங்காணி நிலத்தில் எறிய, மனிதர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பொறுக்குகின்றனர். அமெரிக்கத் திரையில் உழைப்புச் சந்தை இத்துணை நிர்வாணமாகக் காட்டப்பட்டது அரிது. ஆயின் கதை அவ்விடத்தில் நிற்பதில்லை. பிரச்சினை டெரி மலோய் என்னும் தனிமனிதனின் மனச்சாட்சிக்குச் சுருங்கி, விசாரணைக் குழுவின் முன் சாட்சியம் கூறுதலே விடுதலையாகின்றது. இறுதியில் அடியுண்ட டெரி தள்ளாடி நடக்கின்றான். முதலாளி வேலைக்கு அழைக்கின்றார். மந்தைபோல் எல்லோரும் பின்தொடர்கின்றனர். 1955 இல் பிரித்தானிய விமர்சகர் லின்ட்சே அன்டர்சன் இவ்விறுதிக் காட்சியைக் கடுமையாகச் சாடியமை தகும்.

வாய்பேசாது அஞ்சி ஒடுங்கிய கூட்டமாகவே தொழிலாளரைப் படம் காண்கின்றது. உண்மையோ வேறு. றயன் செய்த ஒப்பந்தங்களுக்கு எதிராக, சங்கத் தலைமையின் அனுமதியின்றியே 1945 இலும் 1951 இலும் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். மேற்குக் கரையில் 1934 ஆம் ஆண்டுப் போராட்டத்தின் பின், ஹரி பிரிட்ஜஸ் தலைமையில், வேலையை முறைவைத்துப் பகிரும் ஆள்சேர்ப்பு நிலையங்கள் தோன்றின. கங்காணியின் அதிகாரம் அங்கே முறிந்தது. இதனைத் திரைக்குக் கொணர்தல் 1954 இல் எளிதன்று. பிரிட்ஜஸ் கம்யூனிஸ்ட் எனத் துரத்தப்பட்டவர்.

தொழிலாளர் தாமே திரளும் கதை எழுதப்படாமலுமில்லை. பான்டோவின் வாழ்வால் உந்தப்பட்டு ஆதர் மில்லர் 'த ஹுக்' என்னும் திரைக்கதையை எழுதினார். இதே கஸானே அதனை இயக்கவிருந்தார். கயவர்களைக் குண்டர்களாகவன்றிக் கம்யூனிஸ்டுகளாக மாற்றுமாறு 1951 இல் கொலம்பியா நிறுவனம் கேட்டது. மில்லர் கதையை மீளப் பெற்றுக்கொண்டார்.

படம் வெளிவருவதற்குச் சில வாரங்களின் முன், சங்கத் தேர்தலில் தொழிலாளர் சொற்பப் பெரும்பான்மையால் பழைய சங்கத்தையே தெரிந்தனர். அச்சம் ஒன்றே இதற்குக் காரணமெனக் கொள்ளல் பொருந்தாது. வெளியிலிருந்து வந்த மீட்பர்கள்மீதான ஐயமும் அதில் உண்டு. ஷுல்பேர்க் இதனை ஓரளவு உணர்ந்திருத்தல் கூடும். 1955 இல் அவர் இதே கதையை நாவலாக்கியபோது வெற்றி நடை இல்லை, டெரி கொல்லப்படுகின்றான்.