சேதாரம் யாருக்கு?

செம்மங்குப்பம் போயிருக்கிறீர்களா? பெரும்பாலும் இருக்காது. ஆனால், கடந்து போயிருப்பீர்கள். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில் சிப்காட் தொழிற்சாலைகள் வருமே, அதையொட்டி இருக்கிற ஊர். பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போனாலும் ரசாயன வாசனை மூக்கைத் தட்டி எழுப்பிவிடும்.

என்னோடு பி.காம். படித்த நண்பன் அங்கேதான் இருக்கிறான். ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். மகள் பரதநாட்டியம் கற்றுக்கொள்கிறாள். மகா சிவராத்திரியையொட்டிச் சிதம்பரத்தில் நடக்கிற நாட்டியாஞ்சலியில் குழுவோடு ஆட அவளுக்கு ஒரு வாய்ப்பு. 'கண்டிப்பா வந்துடுடா, சாப்பாடு நம்ம வீட்லதான்' என்றான். சாப்பாடு என்ற பிறகு நான் எப்போது மறுத்திருக்கிறேன்?

கிளம்புவதற்கு முன்னால் நகைப் பெட்டியைத் திறந்து பாயில் பரப்பினார்கள். நெற்றிச்சுட்டி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ராக்கொடி, ஜிமிக்கி, மாட்டல், அட்டிகை, வங்கி, ஒட்டியாணம். பெட்டியின் மேல், 'பாரம்பரியக் கைவேலைக் கோயில் நகை' என்று தங்க எழுத்து. விலை 11,000 ரூபாய். இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தேன். அழகு!

கையில் எடுத்துப் பார்த்ததுதான் தப்பு. ஒட்டியாணத்தில் இந்தப் பக்கம் ஓர் அன்னம், அந்தப் பக்கம் ஓர் அன்னம். இரண்டுக்கும் அலகில் ஒரே இடத்தில் ஒரே அளவில் ஒரு பரு. நகாசு வேலை செய்கிற மனிதன் தப்பு செய்வான். ஆனால் ஒரே தப்பை அச்சு அசலாக இரண்டு தடவை செய்யமாட்டான். அச்சுதான் செய்யும்.

நல்ல நாளில் எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன். அன்று மாலை மேடையில் நெற்றிச்சுட்டியிலிருந்து ஒரு சிவப்புக் கல் கழன்று விழுந்தது. அடுத்த அடவில் அதன் மேலேயே குழந்தையின் கால். முகம் ஒரு கணம் சுருங்கி, அடுத்த கணம் மறுபடி சிரித்தது. ஆடி முடித்துவிட்டுத்தான் அழுதாள். அவளுக்கு இருந்த நேர்மை அந்த நகைக்கு இல்லை.

மறுநாள் கடலூரில் ஒரு பத்தரிடம் போனோம். சின்னப் பட்டறை. ஊதுகுழல், உமி ஓடு, கம்பி இழுக்கிற அச்சு, ஒரு பழைய தராசு. எழுபது வயது இருக்கும். சுட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இதுல கல்லு வைக்கல சார், ஒட்டியிருக்காங்க' என்றார்.

நண்பன் தன் அம்மாவின் பழைய கெம்பு அட்டிகையையும் மெருகு போடக் கொண்டுவந்திருந்தான். அதையும் வாங்கித் திருப்பினார். 'நகையை முன்னாடி பார்த்து வாங்கக் கூடாது சார். பின்னாடி பார்க்கணும்.'

நான் படித்த எந்த விமர்சனப் புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமான இலக்கணம் இல்லை. அந்த அட்டிகையின் முதுகு, முகத்துக்குச் சமமாக வேலை செய்யப்பட்டிருந்தது. யாரும் பார்க்காத இடம். கழுத்துக்கு மட்டும் தெரியும். பெட்டி நகையின் முதுகோ, பழைய கதவின் பின்பக்கம் மாதிரி.

அசல் கோயில் நகை எப்படிச் செய்கிறார்கள்? நாகர்கோவில் வடசேரியில் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். 'நாகர்கோவில் கோயில் நகை' என்று புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது. வெள்ளியைத் தகடாக்கி, வடிவம் வெட்டி, விளிம்பு எழுப்பி, உள்ளே அரக்கு நிரப்பி, அதில் கெம்புக் கல்லைப் பதித்து, சுற்றிலும் தங்க ரேக்கை அழுத்திக் கல்லைப் பிடிக்க வைப்பார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியாக. சாமிக்குச் செய்தது, பிறகு நாட்டியத்துக்கு வந்து, இப்போது கல்யாணப் பெண்ணுக்கும் வந்துவிட்டது.

'அப்ப வார்ப்பு வேலை மட்டமா?' என்று நீங்கள் கேட்கலாம். இல்லவே இல்லை. தில்லை நடராஜரின் வடிவத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது வார்ப்பு வேலைதானே? மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். சுவாமிமலையில் இன்றைக்கும் அதுதான் வழி. ஆனால் ஒரு வித்தியாசம். சிலையை வெளியே எடுக்க அந்த மண் அச்சை உடைத்தாக வேண்டும். ஒரு அச்சுக்கு ஒரு சாமி. அடுத்த சாமிக்கு மறுபடி முதலிலிருந்து மெழுகு. தொழிற்சாலையில் இருப்பது ரப்பர் அச்சு. அது உடையாது. ஒரே அன்னத்தை, அலகுப் பருவோடு சேர்த்து, ஆயிரம் தடவை மெழுகில் பிரசவிக்கும்.

அதுவும் தப்பில்லை. வசதியில்லாத வீட்டுக் குழந்தையும் ஜிமிக்கி போட்டுக்கொண்டு ஆடவேண்டும். மலிவு பாவமல்ல. மலிவை 'கைவேலை' என்று எழுதி விற்பதுதான் பாவம். அந்த ஒரு வார்த்தை, பட்டறையில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்கிற ஆளின் பிழைப்பைத் திருடுகிறது.

இது கவரிங் கதை. அசல் தங்கத்துக்கு வருவோம். ஒரு பி.காம். பார்வையில் நகைக்கடை ரசீது ஒரு மகத்தான இலக்கியம். கணக்கு வசதிக்காகத் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பவுன் செயின், 16 கிராம். தங்கத்தின் விலை 1,60,000. சேதாரம் 18 சதவீதம் என்றால் 2.88 கிராம். அதற்கு 28,800. மொத்தத்துக்கு ஜி.எஸ்.டி. 3 சதவீதம், 5,664. ஆக மொத்தம் 1,94,464 ரூபாய்.

இதில் வேலை எங்கே இருக்கிறது? பல ரசீதுகளில் செய்கூலி என்று தனி வரியே கிடையாது. எல்லாம் சேதாரத்துக்குள் அடக்கம். அரத்தில் உதிர்கிற, உருக்கும்போது குறைகிற தங்கத்துக்குப் பெயர்தான் சேதாரம். நியாயமான செலவுதான். அதையும் யாரும் விட்டுவிடுவதில்லை. பட்டறை மண்ணைக்கூட விலைக்கு வாங்கிப்போய் அரித்துத் தங்கம் எடுக்கிறவர்கள் உண்டு. மனிதனின் திறமைக்கும் 'சேதாரம்' என்றே பெயர் வைத்தால் எப்படி?

இன்னொன்று கவனியுங்கள். தங்கம் கிராம் ஆயிரம் ரூபாய் விற்ற காலத்தில் இதே செயினுக்கு இதே சதவீதம் போட்டால் சேதாரம் 2,880 ரூபாய். நம் கணக்கில் அது 28,800. பத்து மடங்கு. பட்டறைக்காரரின் கூலியும் பத்து மடங்கு ஏறியிருக்கிறதா என்று ஒரே ஒரு பத்தரைக் கேட்டுப் பாருங்கள்.

போதாததற்கு, 'செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை' என்று விளம்பரம். உங்களிடம் வாங்கவில்லை என்று சொல்ல வருகிறார்கள், புரிகிறது. ஆனாலும் காதில் எப்படி விழுகிறது? 'கூலி இல்லை' என்பதைப் பெருமையாகச் சொல்லி விற்கிற சரக்கு வேறு என்ன இருக்கிறது சார்?

முன்பு இப்படி இல்லை. ராஜராஜன் காலத்து ரசீதைப் பார்க்க வேண்டுமானால் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போங்கள். அவனும் அக்கா குந்தவையும் கொடுத்த நகைகளின் பட்டியல் கல்லில் இருக்கிறது. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எடை. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்குப் பெயர் 'ஆடவல்லான்'. அதாவது நம்ம சிதம்பரத்துக்காரர்! முத்து எத்தனை, அதில் வட்டம் எத்தனை, குறுமுத்து எத்தனை, கறடு எத்தனை, கோத்த நூலும் அரக்கும் சேர்ந்து எடை எவ்வளவு... எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடலாம். நூலையும் அரக்கையும் மறைக்காத ரசீது. அதே கோயில் ஊழியர் பட்டியலில் கன்னான், கண்காணித் தட்டான், மணி கோத்துத் தைக்கிற இரத்தினத் தையான் எல்லோருக்கும் இடம் உண்டு. நெல்லில் பங்கும் உண்டு.

இன்றைய நகையில்? ஹால்மார்க் 2021 ஜூனில் தொடங்கிப் படிப்படியாகக் கட்டாயம் ஆனது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்து, எண் கொண்ட அடையாளம் இல்லாமல் விற்கக் கூடாது. நல்ல சட்டம். தங்கம் எவ்வளவு சுத்தம் என்று சொல்கிறது. விற்ற கடையைக் கண்டுபிடிக்கலாம். சோதித்த மையத்தைக் கண்டுபிடிக்கலாம். செய்த ஆளை மட்டும் கண்டுபிடிக்க முடியாது. இங்கிலாந்தில் 1363-லேயே ஒவ்வொரு பொற்கொல்லரும் தன் வேலையில் தன் முத்திரையைக் குத்த வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். தப்பு செய்தால் பிடிக்கத்தான் போட்டார்கள். ஆனால் நன்றாகச் செய்தவனின் பெயரும் அதனால் நின்றுவிட்டது.

நமக்கு ஏன் அந்த எண்ணம் வரவில்லை? தட்டான் தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் என்று பழமொழி வைத்திருக்கிற ஊர் இது. சிலப்பதிகாரத்தில் வில்லனே பொற்கொல்லன். அவரை நாம் சந்தேகப்பட்டே பழகிவிட்டோம். அரசாங்கமும் தன் பங்குக்கு ஒரு போடு போட்டது. 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று தங்கக் கட்டுப்பாடு வந்தது. நாடு முழுக்கப் பட்டறைகள் அணைந்தன. தற்கொலைகள் நடந்தன. அந்த 14 காரட் விதி சில வருடங்களில் போனாலும், 1968-ல் தனிச் சட்டமே வந்து, 1990-ல்தான் ரத்தானது. அதற்குள் எத்தனை அப்பாக்கள் 'இந்தத் தொழில் உனக்கு வேணாம்பா' என்று பிள்ளைகளை வேறு வேலைக்கு அனுப்பியிருப்பார்கள்!

நமக்குப் பத்தர் மேல் நம்பிக்கை இல்லை. ஏ.சி. போட்ட கடை மேல் இருக்கிறது. அவர் எடுக்கிற குன்றிமணிப் பொன் திருட்டு. கடை எடுக்கிற 18 சதவீதம் சேதாரம்.

திரும்பி வரும்போது நண்பன் ஒரு சமாசாரம் சொன்னான். செம்மங்குப்பம் பக்கத்தில் காரைக்காடு இருக்கிறது. அங்கே 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது மணிகளும், ரோமானிய வணிகத் தொடர்பைக் காட்டும் பானை ஓடுகளும் கிடைத்தன. கரையோரமாக இன்னும் வடக்கே போனால் அரிக்கமேடு, மணி செய்வதற்கே பேர் போன துறைமுகம். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் இந்தக் கரையில் ஒருவர் குனிந்து உட்கார்ந்து மணிக்குத் துளை போட்டிருக்கிறார். அவர் பெயரும் நமக்குத் தெரியாது. அப்போது ரசீது கிடையாது, மன்னிக்கலாம். இப்போது கம்ப்யூட்டர் பில் இருக்கிறதே?

அடுத்த தடவை நகை வாங்கப் போனால் மூன்று காரியம் செய்யுங்கள். நகையைத் திருப்பிப் பாருங்கள். சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்றாவதாக, 'இதைச் செஞ்சது யாருங்க?' என்று கேளுங்கள். கடைப் பையன் உங்களை ஒரு மாதிரி பார்ப்பான். பதில் தெரியாது. பரவாயில்லை. தினம் பத்துப் பேர் கேட்டால் முதலாளி தெரிந்துவைத்துக்கொள்வார்.

பத்தர் சுட்டிக்கு ஒரு கல் வைத்து, மற்ற கற்களையும் இறுக்கிக் கொடுத்தார். கல்லைச் சுற்றி விளிம்பு எழுப்பி, ஒழுங்காகப் பதித்து. கூலி 150 ரூபாய். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். 'சேதாரம்?' என்றேன் விளையாட்டாக.

'அது கடையில சார்' என்றார்.