பாலக்காட்டில் இறங்கிப் பாருங்கள்

கோவையிலிருந்து குருவாயூருக்கோ கொச்சிக்கோ கிளம்பும் குடும்பங்களுக்குப் பாலக்காடு பெரும்பாலும் ரயில் ஜன்னலோடு முடிந்துபோகிற ஊர். வாளையாறு தாண்டியதும் பனைமரங்கள் வரும், வயல் வரும், ஒலவக்கோட்டில் டீ வரும், அதோடு சரி. கோவையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். இவ்வளவு பக்கத்தில் இருப்பதாலேயே அங்கே போவதற்கென்று யாரும் பெட்டி கட்டுவதில்லை. போகிறவர்களும் மலம்புழாப் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி, கோட்டை வாசலில் படம் எடுத்துக்கொண்டு, "இவ்வளவுதானா?" என்று திரும்பிவிடுகிறார்கள். பட்டியல் போட்டு, ஒவ்வொரு இடமாக டிக் அடித்து முடிக்கிற ஊர் அல்ல இது. உட்கார்ந்து சாப்பிடவும், வரப்பில் நடக்கவும், காற்றில் நிற்கவும் நேரம் கொடுத்தால்தான் பிடிபடும்.

முதலில் அந்தக் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் எல்லையிலிருந்து குமரி வரை இறங்கி வருகிறது. அதில் இருக்கும் மிகப் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு மலை கிடையாது. கணவாயின் தரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர் உயரம்தான். ஆனி, ஆடியில் பொள்ளாச்சியிலும் கோவையிலும் விழுகிற சாரல் இந்த வழியாக நுழைகிற தென்மேற்குப் பருவக்காற்றின் கொடை. மார்கழி, தையில் காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து மேற்கே பாயும். அந்த மாதங்களில் பாலக்காட்டில் உதடு வெடிக்கும், துவைத்த துணி சடுதியில் காயும், பனையோலைகள் ராத்திரி முழுக்க சலசலக்கும். கஞ்சிக்கோட்டுப் பக்கம் காற்றாலைகள் நிற்பதும் இதனால்தான். குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கே எங்காவது வண்டியை ஓரம் கட்டி, இரண்டு பக்கத்து மலைகளையும், நடுவே மலை இல்லாத வானத்தையும் காட்டலாம். பள்ளிக்கூடத்துப் பூகோளப் பாடம் அந்த ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

காற்று வந்த வழியில் ஆட்களும் வந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து அந்தணக் குடும்பங்கள், காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து முதலியார் குடும்பங்கள், தமிழ் பேசும் ராவுத்தர்கள் என்று கிழக்கிலிருந்து வந்த கூட்டம் பெரிது. சென்னையை மலபார்க் கடற்கரையோடு இணைத்த ரயில் பாதையும் 1862-லேயே இந்தக் கணவாய் வழியாகத்தான் ஓடியது. அதனால் இங்கே எதைப் பார்த்தாலும், எதை வாயில் போட்டாலும், 'இது அந்தப் பக்கத்திலிருந்து வந்ததா, இந்தப் பக்கத்திலேயே விளைந்ததா?' என்று யோசித்துப் பாருங்கள். பாலக்காட்டை ரசிக்க அதைவிட நல்ல வழி இல்லை.

காலைப் பலகாரத்திலிருந்தே அதைத் தொடங்கலாம். எலப்புள்ளிக்குப் பக்கத்தில் ராமசேரி என்று ஒரு சின்ன ஊர். அங்கே தலைமுறைகளாக இட்லி வியாபாரம் செய்கிறவை தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட முதலியார் குடும்பங்கள். ஒரு காலத்தில் கூடையில் சுமந்துபோய் ஊர் ஊராக விற்றார்கள். இன்று விரல் விட்டு எண்ணக்கூடிய வீடுகளில்தான் அடுப்பு எரிகிறது.

இட்லி கேட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்துவிடாதீர்கள். அனுமதி கேட்டு அடுப்படியை எட்டிப் பாருங்கள். விறகடுப்பில் தண்ணீர் கொதிக்கும் பானை. அதன் வாய்க்கு மேல் மண்ணால் செய்த ஒரு வளையம். வளையத்தின் குறுக்கே நூலால் வலைபோல் கட்டியிருக்கும். வலையின் மேல் ஈரத்துணி, துணியின் மேல் ஒரு கரண்டி மாவு. அதற்கு மேல் அடுத்த வளையம், அதன் மேல் இன்னொன்று, கடைசியில் மூட ஒரு பானை. கீழிருந்து வரும் ஆவி துணிகளைத் தாண்டித் தாண்டி மேலே ஏறும். கீழ்த்தட்டு சீக்கிரம் வெந்துவிடும் என்பதால் பாதியில் தட்டுகளை இடம் மாற்றி அடுக்குவார்கள். கை சுடுவதைப் பற்றிக் கவலையே படாத வேகம்.

வருகிற இட்லி நம் வீட்டு இட்லி மாதிரி உப்பியிருக்காது. தட்டையாக, ஊத்தப்பத்தைவிடச் சற்றுக் கனமாக, பூப்போல் மென்மையாக இருக்கும். மாவில் அரிசி தூக்கல், உளுந்து குறைவு. சாம்பாரை ஓரமாக வைத்துவிட்டு, முதல் இட்லியை மிளகாய்ப்பொடியும் தேங்காயெண்ணெயும் தொட்டுச் சாப்பிட வேண்டும். அப்போதுதான் மண்பானை ஆவியின் மணமும் விறகுப் புகையின் லேசான சாயலும் தெரியும். வெறும் இட்லியிலும் ஒரு விள்ளல் எடுத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய் கேட்கத் தோன்றும், கேட்க வேண்டாம். கிழக்கிலிருந்து வந்த இட்லி மேற்கின் எண்ணெயோடு சேர்ந்ததுதான் இந்தத் தட்டின் விசேஷம். முடிந்தால் காலையிலேயே போய்விடுவது நல்லது. எலப்புள்ளி இன்னொரு விதத்திலும் தமிழர்களுக்கு வேண்டிய ஊர்: மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன் 1928-ல் பிறந்தது இங்கேதான்.

மதியச் சாப்பாட்டுக்கு மட்டா அரிசிச் சோறு கேட்டு வாங்குங்கள். 'பாலக்காடன் மட்டா' புவிசார் குறியீடு பெற்ற அரிசி. தவிடு போகாததால் சிவப்பு, பருக்கை பெரிது. பொன்னிச் சோற்றுக்குப் பழகிய குழந்தைகள் முதல் கவளத்தில் முகம் சுளிக்கலாம். ரசத்தில் பிசைந்து விழுங்கினால் இந்தச் சோறு எடுபடாது. மோர்க்குழம்பையோ காளனையோ ஊற்றி, நிதானமாக மென்றால் கடைசியில் ஒரு இனிப்பு தட்டும். அந்த நெல் வளர்ந்த தண்ணீரிலும் நம் பக்கத்துச் சொந்தம் உண்டு. 1970-ல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாகப் பாலக்காட்டுச் சித்தூர்ப் பள்ளத்தாக்குக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும். பொள்ளாச்சிக்கு மேலே மலையில் பெய்கிற மழைதான் சித்தூர் வயலில் நெல்லாகிறது.

பாலக்காட்டு ஐயர் வீட்டுச் சமையலில் தவறாமல் ருசிக்க வேண்டியது மொளகூட்டல். பருப்பும் காயும் (கீரை, வெள்ளைப் பூசணி, சேனை என்று ஏதோ ஒன்று) வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்து விட்டு, தேங்காயெண்ணெயில் தாளிப்பது. புளி கிடையாது, காரம் பேருக்குத்தான். தனியாகச் சாப்பிட்டுவிட்டு 'சப்பென்று இருக்கிறது' என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறவர்கள் பாதிச் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டவர்கள். அதற்கு ஜோடி புளிப்பச்சடியோ அரைச்சுக்கலக்கியோ. மாங்காயையோ நெல்லிக்காயையோ பச்சையாகத் தேங்காய், மிளகாயோடு அரைத்துத் தயிரில் கலக்குவது அரைச்சுக்கலக்கி. மொளகூட்டல் சாதம் ஒரு வாய், கலக்கி ஒரு நக்கு. இந்த மாற்றி மாற்றிச் சாப்பிடுகிற தாளம் பிடிபட்டால் மொளகூட்டலின் சாதுத்தனம் எதற்கென்று தெரிந்துவிடும். அசைவக் குடும்பங்களுக்கு ராவுத்தர் பிரியாணி இருக்கிறது. அதுவும் கணவாய் தாண்டி வந்து வேர் பிடித்த சமையல்தான்.

வெயில் தாழ்ந்ததும் கல்பாத்தி. ஆற்றங்கரையில் பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என்று அடுத்தடுத்து அக்ரஹாரங்கள். ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கிற ஓட்டு வீடுகள், திண்ணை, வாசலில் கோலம். கேரள அரசு இதைப் பாரம்பரியக் கிராமமாக அறிவித்திருக்கிறது. விசுவநாதர் கோயில் 1425-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது என்பது மரபு. காசியிலிருந்து லட்சுமி அம்மாள் என்பவர் லிங்கம் கொண்டுவந்தார் என்பது அந்தக் கோயில் கதை. 'காசியில் பாதி கல்பாத்தி' என்று உள்ளூரில் சொல்வார்கள். தெருவிலிருந்து படி இறங்கித்தான் கோயிலுக்குள் போக வேண்டும், அதற்கப்பால் ஆறு. இங்கே வேகமாக நடக்கக் கூடாது. திண்ணைப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு நடந்தால், தமிழ் எங்கே முடிகிறது, மலையாளம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரிக்க முடியாத ஒரு பேச்சு கேட்கும். ஆனால் இவை குடியிருக்கிற வீடுகள். திண்ணையில் ஏறிப் படம் எடுப்பதும், உள்ளே எட்டிப் பார்ப்பதும் வேண்டாம். அப்பளமும் கொண்டாட்டமும் (நம் ஊர் வத்தல்தான்) இங்கே வாங்கிக்கொள்ளலாம்.

நவம்பர் நடுவில் போக முடிந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஐப்பசி கடைசியில் மூன்று நாள் தேரோட்டம். முன்னால் ஜனங்கள் வடம் பிடிக்க, பின்னால் யானை தலையால் முட்டித் தேரைத் தள்ளுகிற காட்சியைத் தமிழ்நாட்டுத் தேர்த் திருவிழாக்களில் அதிகம் பார்த்திருக்க முடியாது. தேர் தஞ்சை மரபு, யானை கேரள மரபு. மூன்றாம் நாள் மாலை எல்லாக் கோயில் தேர்களும் ஓரிடத்தில் கூடும். தேரோட்டத்தை ஒட்டிச் சங்கீத விழாவும் நடக்கும். மிருதங்கத்தில் பாலக்காடு மணி ஐயரையும், பாட்டில் செம்பை வைத்தியநாத பாகவதரையும், கே.வி.நாராயணசாமியையும் தந்த மண் இது. கேட்கத் தெரிந்த ரசிகர்கள் நடுவே உட்கார்ந்து கேட்பது தனி அனுபவம்.

பச்சையைப் பார்க்க நகரத்தை விட்டு வெளியே வர வேண்டும். கொல்லங்கோடு போகிற சாலையில் வயலுக்கு அப்பால் நெல்லியாம்பதி மலை எழுந்து நிற்கும். மழைக்காலத்தில் அதன் முகத்தில் வெள்ளிக் கோடுகளாக அருவிகள் தெரியும். ஜூலை, ஆகஸ்டில் முதல் போகமும், நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை இரண்டாம் போகமும் வயலில் நிற்கும். இரண்டுமே நல்ல காலம். மார்ச், ஏப்ரலில் பச்சையைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். வெயில் நாற்பது டிகிரியை எட்டும். கேரளம் என்றால் தென்னை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்த வரப்புகளில் கருத்து நிற்கும் பனைகள் ஆச்சரியமாக இருக்கும். அந்தப் பனங்காற்றை இலக்கியமாக்கியவர் ஓ.வி.விஜயன். அவருடைய 'கசாக்கின் இதிகாசம்' 1969-ல் வெளிவந்தது. யூமா வாசுகியின் தமிழ் மொழிபெயர்ப்பு சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. நாவலுக்கு விதையான தஸ்ராக் கிராமத்தில் விஜயனுக்கு நினைவகம் உண்டு. புத்தகத்தை முன்பே படித்துவிட்டுப் போனால் அந்த ஊர் வேறாகத் தெரியும்.

கொல்லங்கோட்டுக்குப் பக்கத்து வடவன்னூரில் எம்.ஜி.ஆர். குடும்பத்து வீடு இருக்கிறது. சித்தூரில் மாசி மாதத்தில் 'கொங்கன் படை' என்று ஒரு திருவிழா: கொங்குநாட்டுப் படை வந்து தோற்றுப்போன கதையை ஊரே கூடி நடித்துக் காட்டும். கோவைக்காரர்கள் தங்கள் ஊர்ப் படை தோற்கிற கதையைக் கூட்டத்தில் நின்று பார்ப்பது நல்ல வேடிக்கை. ஜனவரி, பிப்ரவரியில் போனால் முதலமடையில் மாம்பழம் வந்துவிட்டதா என்று கேளுங்கள். நாட்டிலேயே முந்தி வருகிற மாம்பழங்களில் அதுவும் ஒன்று.

எல்லோரும் போகிற மலம்புழாவையும் விட வேண்டாம். மலபார் சென்னை மாகாணத்தில் இருந்தபோது, 1955-ல் அன்றைய முதலமைச்சர் காமராஜர் திறந்துவைத்த அணை அது. அடுத்த ஆண்டே மாநிலம் மாறியது. பூங்காவில் கானாயி குஞ்ஞிராமன் 1969-ல் செய்த யட்சி சிலையைப் பார்த்ததும் கூச்சப்பட்டுக் குழந்தைகளை இழுத்துக்கொண்டு நகர்கிறவர்கள் உண்டு. நின்று பாருங்கள். கால் நீட்டி அமர்ந்து, பின்னாலிருக்கும் மலைகளுக்கு ஈடு கொடுக்கிற அந்த உருவம் தென்னிந்தியப் பொதுவெளிச் சிற்பங்களில் முக்கியமானது. ஹைதர் அலி 1766-ல் கட்டிய கோட்டைக்குக் காலை நடையே போதும். அகழியை ஒரு சுற்று வந்தால் பசி எடுக்கும்.

இன்னும் இரண்டு நாள் கையில் இருந்தால், பொள்ளாச்சி, உடுமலை வந்து, சின்னாறு காடு வழியாக இடுக்கி மாவட்டத்து மறையூருக்கு ஏறலாம். காட்டுச் சாலையை இருட்டும் முன் கடந்துவிட வேண்டும். பாலக்காடு மலை இல்லாததால் உண்டான ஊர். மறையூர் மலை மறைத்ததால் உண்டான ஊர். மழை மறைவுப் பகுதி என்பதால் கேரளத்தில் இங்கே மட்டும் சந்தனம் இயற்கைக் காடாக நிற்கிறது, கரும்பும் விளைகிறது. பாறைகள் மேல் 'முனியறை' எனும் கற்திட்டைகள் உண்டு. மேலே காந்தளூரில் பூண்டும் ஆப்பிளும் விளையும். 2023-ல் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலாக் கிராமத் தேர்வில் அது தங்கம் வாங்கியது. இங்கேயும் தமிழ் பேசியே காரியம் முடிக்கலாம்.

மறையூரில் சாலையோரத்துக் கொட்டகைகளில் கரும்புச்சாறு பெரிய கொப்பரையில் கொதித்துக்கொண்டிருக்கும். பாகு இறங்கி ஆறும்போது அதைக் கையாலேயே உருட்டுவார்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லம். வாங்கும்போது பளிச்சென்ற மஞ்சளைத் தள்ளிவிட்டு, கருஞ்சிவப்பாக, விரல் தடம் பதிந்த உருண்டையாகப் பார்த்து எடுங்கள். ஒரு துணுக்கை வாயில் போட்டு உப்புக் கரிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு பணம் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சக்கைப் பிரதமன் (பலாப்பழப் பாயசம்) வைத்துவிடலாம்; பலாச்சுளை சீசன் இல்லையென்றால் அடைப் பிரதமன்.