தொப்புள்கொடியைப் பூட்டி வைப்பதா, பகிர்வதா?

காய்ந்து விழுந்த தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்துக் குழந்தையின் அரைஞாணில் கட்டும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. பின்னாளில் பெரிய நோய் வந்தால் அதுவே மருந்தாகும் என்பார்கள் பெரியவர்கள். காய்ந்த கொடியில் உயிருள்ள செல் எதுவும் மிஞ்சுவதில்லை. ஆனால், அந்த நம்பிக்கையை, கொடி ரத்தத்தைக் கட்டணத்துக்குச் சேமித்து வைக்கும் தொப்புள்கொடி வங்கிகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. சென்னையில் 2004-ல் தொடங்கிய லைஃப்செல் இத்துறையின் பெரிய பெயர்களில் ஒன்று. திருவண்ணாமலை கலெக்டர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்கால் போன்ற இடங்களில், மாதச் சம்பளத்தில் தவணை கட்டக்கூடிய குடும்பங்கள்தாம் இவ்வங்கிகளுக்கு ஏற்ற வாடிக்கையாளர்கள்.

அறிவியல் பொய்யில்லை. 1988-ல் பாரிஸில் எலியான் குளுக்மன், ஃபேன்கோனி ரத்தசோகை கொண்ட சிறுவனுக்குத் தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் செலுத்திக் காப்பாற்றினார். கொடிக்குள் ரத்தக்குழாய்களைச் சுற்றியிருக்கும் வார்ட்டன் ஜெல்லியிலோ இன்னொரு வகைச் செல்கள் உண்டு. குருத்தெலும்பாகவும் எலும்பாகவும் அவற்றை ஆய்வகத்தில் வளர்க்கலாம். சூரிச்சில் சைமன் ஹோர்ஸ்ட்ரப்பின் குழு, இதயக் குறையோடு பிறக்கும் குழந்தைகளுக்காகக் கொடிச் செல்களில் வால்வுத் திசுவை உருவாக்கிப் பார்த்தது. செயற்கை வால்வு குழந்தையோடு சேர்ந்து வளராது. மறுபடி மறுபடி அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும். உயிருள்ள திசு வளரும் என்பதே அவர்கள் எதிர்பார்ப்பு. அது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

சந்தைக்கு வந்தது முழங்கால் மருந்து. தென்கொரியா 2012-ல் அனுமதித்த கார்ட்டிஸ்டெம், தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து பிரித்து வளர்த்த செல்களை ஹையலூரோனிக் அமிலக் கூழில் கலந்து, தேய்ந்த குருத்தெலும்பின் குழிகளில் வைக்கிறது. அந்தச் செல்கள் நோயாளியுடையவை அல்ல. வேறொரு குழந்தையின் கொடியிலிருந்து வந்தவை.

வாதம் திரும்பும் இடம் இதுதான். பிறர் உடல் எளிதில் எதிர்க்காமல் ஏற்பது இச்செல்களின் பெரும் பலம். அப்படியானால், அவரவர் கொடியை அவரவர் பூட்டி வைக்கும் தேவை பெருமளவு போய்விடுகிறது. மறுபக்கம், தலசீமியா போன்ற பரம்பரை நோய் வந்தால் குழந்தையின் சொந்த ரத்தத்திலும் அதே மரபணுக் குறை இருக்கும், சேமித்தது உதவாது. ஒரு கொடியில் கிடைக்கும் செல்கள் பெரியவர் ஒருவருக்குப் பெரும்பாலும் போதவும் போதாது. வீட்டில் இன்னொரு பிள்ளைக்கு ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை தேவைப்படும் நோய் ஏற்கெனவே இருந்தால் மட்டும் குடும்பச் சேமிப்புக்குப் பொருளுண்டு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல், தொப்புள்கொடி ரத்தத்தைத் தவிரக் கொடித் திசு, நச்சுக்கொடி ஆகியவற்றை வணிகமாகச் சேமிக்க இடம் தரவில்லை. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2018-ல் தனியார் சேமிப்பை ஊக்குவிக்கவில்லை. இவையெல்லாம் பிரசவத்துக்குப் பதிவு செய்யும் பெண்ணின் காதுக்கு எட்டுகின்றனவா? விளம்பரம் முந்திக்கொள்கிறது. லைஃப்செல்லே 2017-ல் சேமித்தவர்கள் தங்களுக்குள் பகிரும் முறைக்கு மாறியது. சொந்தச் சேமிப்பின் வரம்பை அந்த மாற்றமே காட்டிவிட்டது. ஆனாலும் அது பணம் கட்டியவர்களுக்குள் நிற்கும் பகிர்வு.

எல்லோருக்குமாகக் கொடி ரத்தத்தைச் சேமிக்கும் பொது வங்கிக்கும் ஒரு சிக்கல் உண்டு. பிறந்தவுடன் கொடியை இறுக்காமல் ஒரு நிமிடமாவது பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்; அதற்குள் கொடியிலிருந்து போகும் ரத்தம் குழந்தையின் இரும்புச்சத்துக்கு அவசியம். தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்தசோகை பரவலாக உள்ள நம் நாட்டில், அதை வங்கிக்காகப் பறிப்பது தவறு. கொடித் திசுவுக்கு இந்தத் தடை இல்லை. ரத்தம் குழந்தைக்குப் போன பிறகும் வார்ட்டன் ஜெல்லி கொடியிலேயே இருக்கும். இப்போது அரசு மருத்துவமனைகளில் அது மருத்துவக் கழிவின் மஞ்சள் பைக்குப் போகிறது. தாயின் ஒப்புதலோடு, விலை பேசாமல், நோய்ப் பரிசோதனைகள் செய்து எடுத்தால், வேலூர் சி.எம்.சி. வளாகத்தில் இயங்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களுக்குக் கொடுக்கலாம். திருவண்ணாமலையிலிருந்து அது சுமார் 80 கிலோமீட்டர்தான்.