கெயின் குறைந்தால் கமகம் தெரியும்

திருவனந்தபுரத்தில் 2003-ல் உருவான ‘அவியல்’ குழுவின் முதல் ஆல்பம் 2008-ல் வந்தது. மலையாள நாட்டுப்புறச் சாயலுள்ள வரிகளும் ரெக்ஸ் விஜயனின் எலெக்ட்ரிக் கிட்டாரும் அதில் சேர்ந்து நடக்கின்றன. கிட்டார் எத்தனை கனமாக இறங்கினாலும் பாடுபவரின் சொல் மூழ்குவதில்லை. கிட்டார் நாதம் எப்படி இருக்க வேண்டும் என்று இந்த ஊரில் யாராவது கேட்டால், நான் முதலில் கேட்கச் சொல்வது அந்த ஆல்பத்தைத்தான்.

இன்று அந்த நாதத்தைத் தேடும் பிள்ளைகளின் கையில் இருப்பது பெரும்பாலும் டிஜிட்டல் ஆம்ப் மாடலர். ட்யூப் ஆம்ப் விலை அதிகம், கனம் அதிகம், சத்தமாக வைத்தால்தான் அதன் குணமே வெளிப்படும். அடுக்குமாடி வீட்டில் அது நடக்காது. 1998-ல் லைன் 6 நிறுவனம் கொண்டுவந்த சிவப்பு நிற ‘பாட்’ பெட்டி அந்தக் குணத்தைக் கணக்கீட்டால் உண்டாக்கி மேசைமேல் வைத்தது. 2006-ல் ஃப்ராக்டலின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2011-ல் கெம்பர் என்று அது வளர்ந்தது. ஸ்டீவன் அட்கின்ஸன் எழுதிய ‘நியூரல் ஆம்ப் மாடலர்’ மென்பொருள் இலவசம். லேப்டாப்பும் ஒரு சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸும் போதும். இத்தனை இருந்தும் பலருடைய கிட்டார் தகர டப்பாவில் அடைத்த குளவிபோல் கேட்கிறது. நூறு ஆம்ப்களை மாற்றிப் பார்த்தாலும் அது தீராது, ஏனென்றால் கோளாறு ஆம்ப்பில் இல்லை.

கிட்டார் ஆம்ப்பிலுள்ள 12 அங்குல ஸ்பீக்கர் எல்லா ஒலியையும் சமமாகத் தருவதல்ல. ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் ஒலி சட்டென்று சரிந்துவிடும். அந்தச் சரிவுதான் டிஸ்டார்ஷனின் கரகரப்பை இனிமையாக்குகிறது. மாடலரில் இந்த வேலையைச் செய்வது இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்கிற சின்ன ஒலிக்கோப்பு, ஐஆர் என்பார்கள். ஒரு கேபினட், அதன்முன் வைத்த மைக், மைக் நின்ற இடம் எல்லாம் அதில் பதிந்திருக்கும். ஸ்பீக்கரின் நடுக்குமிழுக்கு நேராக மைக் நின்றால் ஒலி கூர்மையாகும். ஓரத்துக்கு நகர்ந்தால் கனியும். இரண்டு விரல் தூரம் நகர்த்தினாலே வேறு கிட்டார் போலிருக்கும். ஆகவே ஒரே ஒரு ஆம்ப்பை வைத்துக்கொண்டு ஐஆரை மட்டும் மாற்றிக் கேளுங்கள். பிடித்த ஐஆர் கிடைத்த பிறகு, 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 6,000 முதல் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிடுங்கள். மாடலரை நிஜமான கிட்டார் ஸ்பீக்கரில் இணைத்தால் மட்டும் ஐஆரை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒலி இரண்டு முறை வடிகட்டப்பட்டு மங்கிப்போகும்.

ஒலி பரவும் இடமும் வாத்தியத்தின் பகுதி என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தின் மேற்கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள், நாதம் சீராகக் கேட்பதற்காக. சுவாதித் திருநாளின் ஒன்பது கிருதிகளை நாளுக்கு ஒன்றாக ஒன்பது நாளும் அங்கே பாடுகிறார்கள், கேட்பவர்கள் கைதட்டுவதில்லை. ஒரு ஸ்வரம் அடங்கி முடியும்வரை காதால் பின்தொடர அது நல்ல பயிற்சி. மாடலரில் மெல்லிய ஒலியை அடைத்துவிடும் நாய்ஸ் கேட்டைக் கடுமையாக வைப்பவர்கள் அந்தக் கார்வையைத்தான் வெட்டி எறிகிறார்கள். சிங்கிள் காயில் பிக்கப்பின் இரைச்சல் கொஞ்சம் மிஞ்சினாலும் பரவாயில்லை, கார்வை போகக் கூடாது.

இன்னொரு பெரிய இழப்பு மேடையில் தெரியும். வீட்டில் மெல்லிய சத்தத்தில், பாஸும் ட்ரெபிளும் ஏற்றி நடு அலைவரிசையைக் குழித்து வைத்த ப்ரீசெட் தனியாகக் கேட்கையில் பிரமாதமாக இருக்கும். அதையே கனகக்குன்னில் நிசாகந்தி திறந்தவெளி அரங்குக்குக் கொண்டுபோனால் கிட்டார் காணாமல் போய்விடும். சத்தம் குறைந்தால் காது கீழ்ஒலியையும் மேல்ஒலியையும் குறைவாகவே வாங்கும் என்று ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். வீட்டில் அந்தக் குறையை ஈடுகட்ட நாம் ஏற்றி வைத்ததெல்லாம் மேடையில் பெருகி, கீழே பாஸ் கிட்டாரோடும் மேலே சிம்பலோடும் முட்டிக்கொள்கிறது. மேடைக்கான டோனை, முடிந்தவரை மேடைச் சத்தத்தில், டிரம்ஸும் பாஸும் கூட ஒலிக்க அமைக்க வேண்டும். மிட் கொஞ்சம் துருத்தலாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். கிட்டாருக்கு உரிய இடம் அதுதான்.

இனி கெயின், அதாவது ஆம்ப்பில் டிஸ்டார்ஷனை ஏற்றும் அளவு. டிஸ்டார்ஷனில் இரண்டு ஸ்வரங்கள் சேர்ந்து ஒலித்தால் அவற்றின் அதிர்வெண் வித்தியாசமும் ஒரு புதிய ஒலியாகப் பிறக்கும். ஸட்ஜமும் பஞ்சமமும் 2:3. பிறக்கும் வித்தியாச ஒலி ஸட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே விழுந்து அதற்கே வலு சேர்க்கிறது. ராக் இசையில் பவர் கார்டு இத்தனை பிரம்மாண்டமாக இருப்பதற்கும், தம்புராவின் ஸ-ப நம்மை நிறைப்பதற்கும் ஒரே உறவுதான் அடிப்படை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். அந்தர காந்தாரத்தைச் சேர்த்தால் கதை மாறும். ஃப்ரெட்டுகள் தரும் சமப் பகுப்புச் சுருதியில் அது இயற்கை சுருதியைவிட 14 சென்ட் கூடுதல். பிறக்கும் ஒலி சுருதியில் நிற்காமல் கலங்கும். கெயின் ஏற ஏற அந்தக் கலங்கலும் ஏறும்.

கமகத்துக்கோ கெயின் நேர் எதிரி. அதிக கெயின் மெல்லிய தொடுதலையும் வலுவான தொடுதலையும் ஒரே மட்டத்துக்கு அமுக்கிவிடும். கொச்சியில் மதர்ஜேன் குழுவில் வாசித்த பைஜு தர்மஜனும் கர்நாடக கிட்டாரில் ஆர். பிரசன்னாவும் கம்பியை இழுத்தும் சறுக்கியும் காட்டிய நுட்பங்கள், ஸ்வரத்தின் உள்ளே இருக்கும் ஏற்ற இறக்கம் காதுக்கு எட்டினால்தான் கமகமாகும். கெயினைப் பாதியாக்குங்கள். மிச்சத்தைக் கிட்டாரிலுள்ள வால்யூம் குமிழுக்கும் வலது கைக்கும் விட்டுவிடுங்கள். நல்ல மாடலர் அந்தக் குமிழுக்கு உடனே மசிந்து கொடுக்கும். கடல் காற்றில் கறுத்த கம்பியையும் மாற்றிவிடுங்கள். செத்த கம்பிக்கு எந்த மென்பொருளும் உயிர் கொடுக்காது.

எல்லாம் முடிந்ததும் தோடியின் காந்தாரத்தை மெல்ல அசைத்து வாசியுங்கள். அசைவின் ஒவ்வொரு வளைவும் தனித்தனியாகக் கேட்டால் அந்த ப்ரீசெட்டைச் சேமியுங்கள். கேட்காவிட்டால் கெயினை இன்னும் குறையுங்கள்.